கணினிப் பொறியியலும் பல்கலைக்கழகத் தெரிவும்

உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயிலும் மாணவரை நோக்கி, "நீவிர் எத்துறையை நாடுகின்றீர்?" என வினவுவோமாயின், இக்காலத்திற் பலர் இறுக்கும் விடை கணினிப் பொறியியல் என்பதாகும். "அதனை எப்பல்கலைக்கழகத்திற் கற்கக் கருதுகின்றீர்? அவ்விடத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் யாது?" என மேலும் வினவின், விடை தளர்ந்துவிடுகின்றது. தமையன் சென்ற இடம் என்பார் ஒருவர்; பெயர் பெரிது என்பார் வேறொருவர்; சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைச் சொல்லி அமைவார் மற்றொருவர். நான்காண்டுக் கல்வியையும் அதன்பின் வரும் வாழ்நாட் டொழிலையும் நிருணயிக்கும் தெரிவு, செவிவழிச் செய்திகளைக் கொண்டு சில நாளில் முடிந்துவிடுகின்றது. இந்நிலை மாறவேண்டும் என்னும் கருத்தினால், கல்லூரியின் இளைய மாணாக்கர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கணினிப் பொறியியல் யாது?

இடத்தைத் தெரியுமுன் பொருளைத் தெளிதல் வேண்டும். கணினி என்னும் சொல்லைத் தாங்கிய பட்டங்கள் பல. கணினி விஞ்ஞானம் கணித்தலின் அடிப்படைகளையும், ஒரு வினாவைத் தீர்க்கும் செய்முறை வகுப்புக்களையும், நிரலாக்கத்தையும் ஆராய்வது. தகவற் றொழினுட்பம் நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் கணினிகளைப் பொருத்தமுறப் பயன்படுத்துவதைக் கற்பிப்பது. கணினிப் பொறியியலோ இயந்திரத்தையும் அதனை இயக்கும் நிரலையும் ஒருங்கே நோக்குவது. அமெரிக்கக் கணினிச் சங்கமும் மின் இலத்திரனியற் பொறியியலாளர் நிறுவகமும் இணைந்து 2004 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் கணினிப் பொறியியலுக்கெனத் தனிப் பாடத்திட்ட அறிக்கைகளை வெளியிட்டன. மின்சுற்றுக்கள், இலக்கமுறை வடிவமைப்பு, கணினிக் கட்டமைப்பு, சமிக்ஞை ஆய்வு, வலையமைப்பு, பிற கருவிகளுட் பொதிந்திருக்கும் சிறு கணினிகள் ஆகியன அத்துறையின் உறுப்புக்களாகும். நிரலாக்கமும் அவற்றோ டொன்று.

மோட்டார் வண்டியின் தடுப்பை ஆளும் சிறு கணினியும், வைத்தியசாலையில் நோயாளியின் நாடித் துடிப்பை இடையறாது காட்டும் கருவியும் இத்துறைக்கு நல்ல உதாரணங்கள். அங்கே நிரல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மின்சுற்றும் சரியாக இருத்தல் வேண்டும். இரண்டும் குறித்த நேரத்துள் ஒன்றற்கொன்று விடையிறுத்தல் வேண்டும்.

ஆதலின் மாணவன் தன்னையே கேட்கவேண்டிய முதல் வினா இது: பௌதிகவியலிலே மின்னியலும் இலத்திரனியலும் எனக்கு உவப்பானவையா, அல்லது நிரல் எழுதுதல் ஒன்றே என் நாட்டமா? பின்னதே விடையாயின், கணினி விஞ்ஞானப் பட்டம் அவனுக்கு எவ்வகையானும் தாழ்ந்ததன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2002 ஆம் ஆண்டில் இதற்கெனவே அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. பொறியியலாளர் என்னும் பெயரின் பெருமைக்காக விருப்பமில்லாத பாடங்களை நான்காண்டு சுமத்தல் அறிவுடைமையன்று.

தெரிவு தொடங்கும் இடம்

பல்கலைக்கழகத் தெரிவு பெறுபேறு வந்தபின் தொடங்குவதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உயர்தர வகுப்பின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகின்றது. நம் நாட்டிற் பொறியியற் பீடங்களிற் சேர்வதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்று பாடங்களும் வேண்டற்பாலன. கணினியை விரும்பும் மாணவர் சிலர், இரசாயனவியலை விடுத்து, அதன் இடத்திலே தகவல் தொடர்பாடற் றொழினுட்பத்தை எடுக்கின்றனர். கணினிக்குக் கணினிப் பாடமே ஏற்றதென்பது அவர் எண்ணம். அத்தெரிவு கணினி விஞ்ஞானம் முதலிய பட்டங்களுக்கு வழிவிடும். பொறியியற் பீடத்தின் வாயிலை மட்டும் அடைத்துவிடும். எத்துணை உயர்ந்த புள்ளி பெறினும் அவ்வாயில் திறவாது. பத்தாந் தரத்திலும் பதினோராந் தரத்திலும் பிள்ளைகளை உடைய பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக.

நம் நாட்டுப் பீடங்கள்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950 ஆம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கி, 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1960 ஆம் ஆண்டிற் செயன்முறைத் தொழினுட்ப நிறுவகமாகத் தோன்றியது, 1966 இல் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாகவும், 1972 இற் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. கணினி விஞ்ஞானமும் பொறியியலும் என்னும் துறை அங்கே 1985 ஆம் ஆண்டில் உருவாயிற்று. நெடுங்காலம் பொறியியல் என்றால் இவ்விரண்டிடமுமே நம்மவர் நினைவுக்கு வந்தன.

இன்று நிலை விரிந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. கணினிப் பொறியியல் அதன் துறைகளுள் ஒன்று. உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் பீடம் காலியை அடுத்த ஹப்புகலையிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒலுவிலிலும், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பீடம் இரத்மலானையிலும் உள்ளன. வேலை செய்துகொண்டே கற்க விழைவார்க்குத் திறந்த பல்கலைக்கழகமும் பொறியியற் பட்டம் வழங்குகின்றது.

பழைய பீடம் என்பதற்காக உயர்ந்ததென்றும், புதிய பீடம் என்பதற்காகத் தாழ்ந்ததென்றும் கொள்ளல் பொருந்தாது. பழைமையினால் வரும் நன்மைகள் உண்டு: பட்டதாரிகள் பலர் தொழிலகங்களில் அமர்ந்திருப்பர், நூலகமும் ஆய்வுகூடமும் நிரம்பியிருக்கும். புதிய பீடத்தில் வகுப்புக்கள் சிறியனவாயின் விரிவுரையாளரை அணுகுதல் எளிது. கூகிள் நிறுவனம் நடாத்திவரும் கோடைகால நிரலாக்கத் திட்டத்திலே, பங்குபற்றிய மாணவர் தொகையினால் மொறட்டுவை உலகப் பல்கலைக்கழகங்களுள் முதலிடம் பெற்ற ஆண்டுகள் உண்டு. அப்பெயரை ஈட்டியவை கட்டடங்களல்ல. மாணவர், பாடவேளைக்கு வெளியே, தாமே தேடிச் செய்த வேலையே அதனை ஈட்டிற்று. அத்தகைய உழைப்பு எப்பீடத்தாருக்கும் இயல்வதே.

பீடத்தில் இடமும் துறையில் இடமும்

யாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது இதுவே. பொறியியற் பீடத்தில் இடம் பெறுதல் வேறு. கணினிப் பொறியியற் றுறையில் இடம் பெறுதல் வேறு. பொறியியற் பீடங்களிலே, தொடக்கத்தில் அனைவரும் பொதுப் பாடங்களைக் கற்று, முதற் பருவத்திலோ முதலாண்டிலோ பெற்ற பெறுபேற்றுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் துறைகளுக்குப் பிரிக்கப்படும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. ஒவ்வொரு துறைக்கும் இடங்கள் அளவுபட்டவை. கணினியை நாடி உட்புகுந்த மாணவன், பொதுப் பாடங்களிற் சற்றே பின்தங்கினும், வேறு துறையொன்றுக்குப் போக நேரும்.

இதனை முன்னரே அறியாதவன் அக்காலத்தில் மனமுடைகின்றான். முன்னரே அறிந்தவனோ இரண்டு செயல்களைச் செய்யலாம். முதலாவது, ஒவ்வொரு பீடத்திலும் துறைப்பிரிவு எப்பொழுது, எவ்வளவையால் நிகழ்கின்றதென்பதையும், கணினித் துறைக்கு எத்தனை இடம் என்பதையும், அவ்வாண்டுக் கையேட்டினாலும் அங்கே பயிலும் மாணவராலும் அறிந்துகொள்ளல். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலின் பழைய செய்தி உதவாது. இரண்டாவது, கணினி கிடையாவிடின் அப்பீடத்தில் மனநிறைவோடு கற்கக்கூடிய வேறு துறை எனக்கு உண்டா எனத் தன்னைக் கேட்டல். உண்டெனில் அவ்விடம் அவனுக்கு ஏற்றது. இல்லையெனில், நேரே கணினிப் பட்டத்துக்கு அனுமதிக்கும் வேறிடத்தை அதற்கு மேலாக வைத்தல் தகும்.

புள்ளியும் விருப்ப ஒழுங்கும்

பல்கலைக்கழகப் புள்ளியின் வரலாறு நம்மவர் நெஞ்சில் ஆறாத வடுவாக உள்ளது. மொழிவாரித் தரப்படுத்தல் நிகழ்ந்த 1971 ஆம் ஆண்டில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 227 புள்ளியும், தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 புள்ளியும் வேண்டியிருந்தன. மாவட்ட ஒதுக்கீடு 1974 ஆம் ஆண்டில் வந்தது. இன்றைய இசட் புள்ளி முறை 2001 ஆம் ஆண்டு முதல் வழங்குவது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியினின்று எத்துணை விலகியுள்ளதென்பதை நியம விலகலால் வகுத்துக் காண்பதே அதன் அடிப்படை; மூன்று பாடங்களின் சராசரி இறுதிப் புள்ளியாகும். இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமையாலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையாலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பகிரப்படுவது பொதுவிதி.

பழைய வடுவின் காரணமாகப் பெற்றோர் பலர் அச்சத்தோடு விருப்ப ஒழுங்கை எழுதுவிக்கின்றனர். "மேலிடம் கிடையாது; ஆதலின் அதனை முன்னே எழுதாதே" என்பது அவர் அறிவுரை. இது பெரும் பிழை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, மாணவன் எழுதிய ஒழுங்கிலே அவன் புள்ளிக்கு எட்டக்கூடிய மிக உயர்ந்த விருப்பத்தை அவனுக்கு வழங்குகின்றது. மொறட்டுவையை உள்ளத்தால் விரும்பும் ஒருவன், அஞ்சிப் பேராதனையை முதலில் எழுதினானென்க. அவன் புள்ளி இரண்டுக்கும் போதுமாயினும் பேராதனையே கிடைக்கும். மொறட்டுவையை முதலில் எழுதியிருந்து அது எட்டாதிருப்பின், அடுத்ததாக நின்ற பேராதனைக்கு அதனால் யாதொரு குறைவும் நேர்ந்திராது. பேராதனையை விரும்பி மொறட்டுவையைப் பெயருக்காக முன்னே எழுதுவோனுக்கும் இது பொருந்தும். எனவே ஒழுங்கு அச்சத்தையும் அயலார் சொல்லையும் பின்பற்றலாகாது. உண்மை விருப்பத்தையே பின்பற்றல் வேண்டும்.

சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி, சென்ற ஆண்டில் இறுதியாக உட்புகுந்தவரின் புள்ளியேயன்றி இவ்வாண்டுக்கான வாக்குறுதியன்று. அதனைப் பட்டியலை நீட்டுவதற்குத் துணையாகக் கொள்க; சுருக்குவதற்குக் கொள்ளற்க. பட்டியலின் அடியில், உறுதியாகக் கிடைக்கக்கூடியதும், கிடைத்தால் மனமுவந்து செல்லக்கூடியதுமான பட்டமொன்று இருத்தல் வேண்டும்.

கட்டணக் கல்வியும் கடல்கடந்த கல்வியும்

அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதார் கட்டணம் வாங்கும் நிறுவனங்களை நாடுகின்றனர். வெளிநாடு செல்வாரும் உளர். இவர்கள் முதலில் ஆராயவேண்டியது அங்கீகாரம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பாயிற்று. அந்நிறுவனத்தால் தகுதி ஏற்கப்பட்ட பட்டத்தை ஏனைய உறுப்பு நாடுகளின் பொறியியல் நிறுவனங்களும் சமமாக மதிக்கும். அங்கீகாரம் குறித்த ஒரு பட்டத்துக்குரியது, நிறுவனத்தின் பெயருக்குரியதன்று. சேரக் கருதும் பட்டத்துக்கு அஃது உண்டா என எழுத்திற் காணாமற் பணம் கட்டலாகாது.

கடல்கடந்த நாடுகளில் விண்ணப்ப முறையும் வேறு. ஐக்கிய இராச்சியத்தில் ஒரு மாணவன் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்களைக் குறிக்கலாம். நம் உறவினர் பலர் வாழும் கனடாவில், வாட்டர்லூப் பல்கலைக்கழகத்திலே கணினிப் பொறியியல் பொறியியற் பீடத்தையும், கணினி விஞ்ஞானம் கணித பீடத்தையும் சார்ந்தன. படிப்பையும் தொழிற்பயிற்சியையும் மாறிமாறி நடாத்தும் முறை அங்கே 1957 முதல் உள்ளது. இத்தகைய வேறுபாடுகளை அறிந்து, அரியது, இயல்வது, உறுதியானது என மூவகையாக இடங்களை வகுத்து விண்ணப்பித்தல் நன்று. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு வீட்டையும் காணியையும் ஈடுவைத்தல் ஆகாது. நான்காண்டுச் செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்து, அது குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துமாயின், உள்நாட்டில் வேறோர் பட்டமோ மீண்டுமொரு முறை பரீட்சையோ மேலானதா எனச் சிந்தித்தல் வேண்டும்.

முடிவுரை

பொறியியற் பீடங்களிற் பயிற்றுமொழி ஆங்கிலமாதலின், தமிழில் உயர்தரம் கற்ற மாணவர் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை அம்மொழிப் பயிற்சிக்கு ஆக்குவாராக. பொதுப் பாடங்களிற் பின்தங்காது விரும்பிய துறையை அடைவதற்கும் அதுவே துணையாகும். நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் மேற்கூறிய பீடங்களிற் கற்றவர்கள், கற்பிப்பவர்களும் உளர். விருப்ப ஒழுங்கு எழுதும் காலத்தில் அவர்கள் ஒருநாள் கல்லூரிக்கு வந்து மாணாக்கரோடு உரையாடுவாராயின், அது பெரும் பரிசிலினும் பயனுடைய தொண்டாகும். மாணவரும் அவர்களை நாடி, துறைப்பிரிவு, ஆய்வுகூடம், தொழிற்பயிற்சி, விடுதிச் செலவு ஆகியவற்றைக் கூச்சமின்றிக் கேட்டறிவாராக. கேட்டறிந்தபின் எழுதும் ஒழுங்கு அவர்தம் சொந்த ஒழுங்காக இருக்கட்டும்.