கணினிப் பாடம்: பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?



நம் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. “புதுசு வாங்கணும்” என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

லினக்ஸ் என்று ஒன்று உண்டு. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. அதன் ஒரு வகையான உபுண்டுவுக்கு லைசென்ஸ் பணம் கிடையாது. பக்கத்துக் குழுவுக்கும் காப்பி கொடுக்கலாம், தப்பில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கற்கிறார்கள்.

மாறும் முன்:

1. கணக்கு முழுவதையும் தனி பென்டிரைவில் காப்பி எடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். லினக்ஸைப் பதியும்போது பழையது அழிந்துபோகலாம்.

2. இன்னொரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, பதியாமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர், தமிழ் டைப்பிங் வேலை செய்கிறதா?

3. எக்செல் கணக்கு லிப்ரே ஆபீஸில் திறக்கும். கூட்டுத்தொகையை லெட்ஜரோடு சரிபாருங்கள்.

4. டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதில் கணக்கு எழுதினால், ஆடிட்டரைக் கேட்காமல் மாறாதீங்க.

காசு மிச்சமாவது நல்லதுதான். ஆனால் கணக்கு தொலைந்தால் உறுப்பினர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

கூட்டத்தில் பேச: நம் கணக்கின் காப்பி இன்று யாரிடம் இருக்கிறது?