தங்கவயல் தூசியும் இருதயத்தின் பளுவும்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று அங்கே உழைத்தனர். பாறையைத் துளைத்தபோது பொன்னோடு சிலிக்காத் தூசியும் வெளிப்பட்டது. பொன் ஊரைவிட்டுச் சென்றது. தூசியோ தொழிலாளர் மார்பிலேயே தங்கிற்று. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய், தூசி நின்ற பின்னரும் வளரக்கூடியது.

இந்நோய் இருதயத்தை எவ்வாறு தாக்குகிறது? தூசி படிந்த நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. பிராணவாயு குறைவதால் மேலும் பல சுருங்குகின்றன. அவற்றினூடே இரத்தத்தைத் தள்ள வலக் கீழறை மிகுந்து உழைக்கிறது, நாளடைவில் பருத்துத் தளர்கிறது, கால்கள் வீங்குகின்றன. கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் இதனைக் காட்டாது.

இதனை வெளியிலிருந்தே அறிய உதவுவது 'எக்கோ' பரிசோதனை. 1953-இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர், கேளா ஒலியை இருதயத்தின்மீது செலுத்தி எதிரொலியைப் பதிவு செய்தனர். 1842-இல் டாப்ளர் கூறிய தத்துவத்தைக் கொண்டு இரத்தம் ஓடும் வேகத்தையும் இன்று அளக்கிறோம்.

வல மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வு உண்டு. கீழறை சுருங்கும்போது அதன் வழியே சிறிது இரத்தம் பின்னோக்கிக் கசியும். அவ்வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், இரு அறைகளின் அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். வேகம் வினாடிக்கு 3.5 மீட்டர் எனக் கொள்வோம். அதன் வர்க்கம் 12.25, நான்கால் பெருக்க 49. மேலறையின் அழுத்தம் 3 எனின், மொத்தம் 52. நுரையீரல் வால்வில் அடைப்பு இல்லையேல், இதுவே நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம். வேகம் 2.8 மீட்டரைத் தாண்டினாலே ஐயுற வேண்டும்.

எனினும் இது மதிப்பீடேயாகும். சிலரிடம் கசிவு தெரியாது. நோயுற்ற நுரையீரல் ஒலியை மறைப்பதும் உண்டு. ஆகவே கீழறையின் பருமன், அறைகளுக்கிடையேயுள்ள சுவரின் தட்டை நிலை ஆகியவற்றையும் மருத்துவர் நோக்குவர். இடப்பக்க இருதய நோயாலும் இவ்வழுத்தம் உயரலாம். அதனையும் எக்கோ காட்டும். முடிவாக உறுதி செய்வது, சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அளக்கும் முறையே. அதில் சராசரி அழுத்தம் 20-ஐ மிஞ்சினால் நோய் உண்டு என்பர்.

தங்கவயலில் உறவினர் உடைய நண்பர்களே! சுரங்கத்தில் உழைத்த பெரியவர் படியேற மூச்சிரைத்தால், முதுமை என்று விட்டுவிடாதீர்கள். அவர் செய்த வேலையையும், செய்த ஆண்டுகளையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். எக்கோவால் தழும்பை நீக்க இயலாது. ஆனால் இருதயம் தளருமுன் உண்மையை அறிந்தால், பிராணவாயு முதலிய உதவியைக் காலத்தே அளிக்கலாம்.