கரிசல் மண் லாவாவிலிருந்து வந்ததா?

கேள்வி: மாக்மா, லாவா இரண்டும் ஒன்றா? எங்கள் கரிசல் மண்ணும் லாவாவிலிருந்து வந்ததுதானா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. உருகிய பாறை பூமிக்கு அடியில் இருக்கும்வரை மாக்மா. வெளியே வழிந்தால் லாவா. அதன் சூடு 700 முதல் 1,200 டிகிரி செல்சியஸ்.

மகாராஷ்டிரத்துக் கரிசல் நீங்கள் சொல்வதுபோல் வந்ததுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய தக்காண லாவா பசால்ட் பாறையாக இறுகி, பின் உதிர்ந்து மண்ணானது. அதையே நம் மண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. விருதுநகர், சாத்தூர் பக்கம் அடியில் கிடப்பது பெரும்பாலும் மிகப் பழைய நைஸ் வகைப் பாறை. மழை குறைந்த வெயில் பூமியில் அது சிதைந்துதான் நம் கரிசல் உண்டானது. கோடையில் கால் நுழையும் அளவு வெடிப்பு விடுகிறதே, அதற்குக் காரணம் மண்ணிலுள்ள களி. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

ஆறிய மாக்மாவைப் பார்க்க ஆசையா? அசல் கிரானைட் கல் ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மினுங்கும் அந்த மணிகள், பூமிக்கடியில் மாக்மா மிக மெதுவாக ஆறியபோது விளைந்த படிகங்கள்.