மோட்டார் சைக்கிள் விபத்தும் காப்பீட்டு உரிமையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

மிதிவண்டி இல்லாத வீடு அரிது என்றிருந்த காலம் போய், மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டு போவதும், உரமூட்டையை வயலுக்கு ஏற்றிச் செல்வதும், தங்கையைப் பள்ளியில் விடுவதும் இன்று அதன் துணையால்தான் நடக்கின்றன. நம் கல்லூரி மாணவர் பலரும் அதில்தான் வந்து இறங்குகிறோம். ஆனால், அந்த வண்டியோடு வந்த காப்பீட்டுப் பத்திரத்தை ஒரு முறையேனும் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? இருக்கைக்கு அடியில் மடித்துக் கிடந்து, போலீஸார் கேட்கும்போது மட்டும் வெளியே வரும் காகிதமாகவே அது இருக்கிறது.

விபத்துக்குப் பின் கிடைக்கும் இழப்பீடு யாரும் இரங்கிக் கொடுக்கும் தானமன்று. சட்டம் தந்த உரிமை. எனினும், முதல் சில நாட்களில் எழுதப்படும் இரண்டு மூன்று காகிதங்களை நம்பியே அந்த உரிமை நிற்கிறது. அக்காகிதங்களில் என்ன எழுதப்படுகிறது என்று பார்க்க, வீட்டில் படித்தவர் ஒருவர் வேண்டும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலிசியின் வகைகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பாலிசி எடுத்தவர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். அந்த வண்டியால் பாதிக்கப்படும் பிறர் மூன்றாம் நபர். நம் வண்டி ஒருவர் மேல் மோதினால் அவருக்கு நிறுவனம் ஈடு கொடுக்கும். நம் உடலுக்கோ நம் வண்டிக்கோ நேர்ந்த சேதத்திற்கு இதில் ஒரு காசும் கிடையாது. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுப்பது முழுக் காப்பீடு எனப்படும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடும் வழக்கத்தைக் கருதி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. இது உச்சநீதிமன்ற உத்தரவால் வந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

மாணவர்கள் அறிய வேண்டியவை மூன்று உண்டு.

ஒன்று: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்பவருக்கு அப்பாலிசியின்படி நிறுவனம் பொறுப்பாகாது என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுக் காப்பீடு இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. நண்பனைப் பின்னால் ஏற்றிச் செல்லும் நாம் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு: மாமாவின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டிச் சென்று தானே சறுக்கி விழுந்தவர், அந்த வண்டியின் நிறுவனத்திடம் மூன்றாம் நபராகக் கேட்க முடியாது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உரிமையாளருக்கென 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அது ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கே உரியது.

மூன்று: பழைய வண்டியை விற்றவர், பதிவுச் சான்றில் பெயரை மாற்றிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவழித்த பிறகும் விபத்து வழக்கு வீடு தேடி வரலாம்.

முதல் இரண்டு நாட்கள்

விபத்து நடந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை உயிரைக் காப்பது. 108க்கு அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிப் பெறலாம். அடிபட்டவரைத் தூக்கி வந்து சேர்ப்பவரைப் போலீஸார் வற்புறுத்திச் சாட்சியாக்க முடியாதென 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே, உதவி செய்ய அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து வருவது காகிதம். மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. காயம் எப்படி நேர்ந்தது என்பதை, அழைத்து வந்தவர் சொன்னபடியே பணியிலுள்ள மருத்துவர் அதில் எழுதுவார். ‘சரக்கு வண்டி மோதியது’ என்பதற்கும் ‘தானே விழுந்தார்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையே பிற்காலத்தில் வழக்கின் தலைவிதியாகிறது.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்று பார்க்காமல் எங்கும் புகார் கொடுக்கலாம் என்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. புகார் கொடுத்தவர் நகலை இலவசமாகப் பெறலாம். மோதிய வண்டியின் எண், நேரம், இடம், நேரில் பார்த்தவர் பெயர் ஆகிய நான்கும் புகாரில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, படம். இரு வண்டிகளும் கிடந்த நிலை, டயர் தேய்ந்த தடம், வண்டியின் நசுங்கிய பகுதி ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து வைப்பது நலம்.

எங்கள் வீட்டு நிகழ்ச்சி

இது ஏட்டுப் படிப்பாக மட்டும் நான் அறிந்ததன்று. என் சித்தப்பா கொத்தனார். 2022 ஜூலையில் ஒரு மாலை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பியபோது, கிளைச் சாலையிலிருந்து வேகமாகத் திரும்பிய சரக்கு வேன் மோதி அவருடைய வலது கால் முறிந்தது. வேன்காரரே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முதல் நாள் செலவையும் கட்டினார். நல்ல மனிதர் என்றே எல்லாரும் நினைத்தோம். விபத்துப் பதிவேட்டில் ‘வண்டி சறுக்கித் தானே விழுந்தார்’ என்று எழுதப்பட்டிருந்ததை யாரும் அப்போது அறியவில்லை.

மூன்றாம் நாள் அவர் ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். “கேஸ் என்று போனால் வருஷக்கணக்காகும். இருபத்தைந்தாயிரம் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்” என்றார். சித்தி ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆனால், “அவர் காலை ஊன்றி நடக்கட்டுங்க, அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதினாறாம் நாள்தான் புகார் பதிவாயிற்று.

அப்போது நான் பதினோராம் வகுப்பு மாணவன். வீட்டில் ஆங்கிலக் காகிதங்களை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவன் நானே என்பதால், காவல் நிலையத்திற்கும் வழக்கறிஞரிடமும் சித்தியோடு சென்றேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்ட கேள்விகள் இரண்டே: “வேன் மோதியிருந்தால் பதிவேட்டில் ஏன் தானே விழுந்ததாக உள்ளது? பதினாறு நாள் ஏன் வாய் திறக்கவில்லை?” வேனின் முன்பக்க நசுங்கலைக் குறித்திருந்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும், சாலையோர டீக்கடைக்காரரின் சாட்சியமும் எங்களுக்குத் துணை நின்றன. 2024இல் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு சமரசமாயிற்று. கேட்டதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. கடன் அடைந்தது, சித்தப்பாவால் சாரம் ஏற முடியவில்லை.

தீர்ப்பாயம்

பாதிக்கப்பட்டவர் 166ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊரிலோ, தாம் வசிக்கும் ஊரிலோ, எதிர்தரப்பார் வசிக்கும் ஊரிலோ மனுச் செய்யலாம். 1994இல் நீக்கப்பட்ட ஆறு மாத வரம்பு, 2019 திருத்தத்தால் மீண்டும் வந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வரம்பு குறித்து உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன என்றாலும், ஆறு மாதத்தைத் தாண்டவிடாதிருப்பதே அறிவுடைமை.

முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், ஆய்வாளர் அறிக்கை, மோதிய வண்டியின் பதிவு மற்றும் பாலிசி நகல், மருத்துவமனைச் சீட்டுகள், மருந்து ரசீதுகள், ஊனச் சான்று, வருமானச் சான்று ஆகியவை தேவை. ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்திற்கும் ரசீது வாங்கி வைக்க வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வது பார் கவுன்சில் விதிகளுக்கு மாறானது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகரை நம்பலாகாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறியவர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம்.

ஒரு கணக்கு

கணித மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கையும் இங்கே தருகிறேன். வயது 38, மாத வருமானம் 15,000 ரூபாய் உள்ள ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். விபத்தால் அவருடைய உழைக்கும் திறனில் 40 விழுக்காடு நிரந்தரமாகப் போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதாகக் கொள்வோம்.

சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு, வருங்கால உயர்வுக்காக வருமானத்தில் 40 விழுக்காடு கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஊனமுற்றவருக்கும் அதைக் கூட்டலாம் என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15 என்பது 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா வழக்குத் தீர்ப்பு.

மாத வருமானம்: 15,000 + 6,000 = 21,000
ஆண்டு வருமானம்: 21,000 × 12 = 2,52,000
பெருக்கும் எண்ணோடு: 2,52,000 × 15 = 37,80,000
அதில் 40 விழுக்காடு: 15,12,000 ரூபாய்

மருத்துவச் செலவு, வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி ஆகியவை இதற்கு மேல் சேரும். வட்டியும் வழங்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமுண்டு. கட்டிலருகே பேசப்படும் இருபத்தைந்தாயிரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

மருத்துவர் தரும் ஊன விழுக்காடு வேறு, உழைப்பிழப்பின் விழுக்காடு வேறு என்பதையும் அறிதல் வேண்டும். இடக்கையை இழந்த தச்சருக்குத் தொழில் முழுவதுமே போகக்கூடும். அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். இவ்வேறுபாட்டை 2011இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆகவே, பாதிக்கப்பட்டவர் என்ன தொழில் செய்தார், அதில் எந்த வேலையை இனிச் செய்ய இயலாது என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். விபத்தில் அவர் பக்கமும் தவறு இருந்தால் அந்த விகிதம் கழிக்கப்படும்.

மோதிய வண்டி ஓடிவிட்டால்

மோதிய வண்டி இன்னதென்று தெரியாவிட்டாலும் வழியுண்டு. 161ஆம் பிரிவின்படி, 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இதற்கு வருவாய்த்துறையின் விசாரணை அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார்.

சொந்த வண்டியின் சேதம்

முழுக் காப்பீடு உள்ளவர் விபத்தை உடனே நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் வந்து பார்க்கும் முன்னர் வண்டியைப் பழுது பார்க்கலாகாது. வழக்கமான பாலிசிகளில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்ளப்படும். சொந்த நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் முதலில் அதற்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

முடிவுரை

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பட்டம் பெற்று வேலைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குப் பயன்படுவோம் என்று எண்ண வேண்டியதில்லை. நம் தெருவில் ஒருவர் அடிபட்டார் என்று கேள்விப்பட்டால், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதோடு நில்லாமல், “பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்? புகார் கொடுத்தாயிற்றா?” என்று இரண்டு கேள்விகளைக் கேட்போம். கைநாட்டு வைக்கும் முன்னர் அந்தக் காகிதத்தை உரக்கப் படித்துக் காட்டுவோம். இன்று மாலை வீடு சென்றதும், இருக்கைக்கு அடியில் கிடக்கும் நம் பாலிசியையும் எடுத்து, அது எந்த வகை, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்ப்போம். நாம் கற்ற எழுத்து நம்மவர்க்குப் பயன்படட்டும்!