தொழில் பாடம்: தூசு பிடிக்கும் மெஷினைப் பார்த்து எடுப்போம்



தோட்டங்களில் தனி வீடுகள் எழும்புகின்றன. பழைய லயங்களிலும் வயரிங், குழாய், டைல் வேலைகள் நடக்கின்றன. நம்ம பிள்ளைகள் பலர் மேசன் வேலையும் வயரிங் வேலையும் பழகி கொழும்புக்கும் போகிறார்கள். உளியும் சுத்தியலும் வைத்து நாள் முழுக்கச் செய்த வேலையை இன்று கிரைண்டர் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. வேலை லேசாகிவிட்டது, தூசு கூடிவிட்டது. வயர் பைப் புதைக்கச் சுவரில் காடி வெட்டும்போது பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. "தூசுதானே, குளிச்சா போயிரும்" என்கிறோம். உடம்பில் ஒட்டியது குளித்தால் போகும். நெஞ்சுக்குள் போனது போகாது.

1. எந்தத் தூசு ஆபத்தானது?

மணல், கருங்கல், சீமெந்துக் கல், கொங்கிறீட், டைல் ஆகியவற்றில் சிலிக்கா இருக்கிறது. பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். சுமார் 4 மைக்ரோனுக்கும் குறைந்த தூசுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால், இது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் தூசு நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். இந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை மாற்ற மருந்தில்லை. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். இது புற்றுநோயையும் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் அறிவித்தது.

2. வீட்டு வேக்குவம் போதாதா?

போதாது. சாதாரண துணிப்பை பெரிய தூசைப் பிடித்து, நுண்ணிய தூசைப் பின்பக்கத்தால் ஊதிவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆபத்தான தூசு மட்டும் காற்றில் மிதக்கும்.

3. எதைப் பார்த்து எடுப்பது?

(அ) மூடி: தூசு கிளம்பும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கிரைண்டர் டிஸ்க்கைச் சுற்றி மூடும் தூசுக் கவசம் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய மெஷின் இருந்தும் பிரயோசனமில்லை. உங்கள் கிரைண்டருக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

(ஆ) வடிகட்டி: ஐரோப்பிய முறையில் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு உண்டு. எல் வகுப்பு 100க்கு 1 பங்கு வரை தூசை வெளியே விடலாம். எம் வகுப்பு 1000க்கு 1 பங்குக்கு மேல் விடாது. எச் வகுப்பு 1 இலட்சத்துக்கு 5 பங்குக்கு மேல் விடாது. கொங்கிறீட், கல், டைல் வேலைக்குக் குறைந்தது எம் வேண்டும்.

(இ) இழுவை: 2016இல் வந்த அமெரிக்க சிலிக்கா விதிப்படி, கை கிரைண்டருக்கு டிஸ்க்கின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிமிஷத்துக்கு 25 கன அடி காற்று இழுக்க வேண்டும். 4 அங்குல டிஸ்க்குக்கு 100 கன அடி. இது சுமார் 2,830 லீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் குழாய் மாட்டாமல் எடுத்தது. ஒடுங்கிய, நீண்ட குழாய் போட்டால் இழுவை குறையும். ஆகவே கணக்குக்குச் சற்றுக் கூடவே எடுங்கள்.

(ஈ) வடிகட்டியைத் தட்டும் வசதி: சீமெந்துத் தூசு சீக்கிரம் அப்பிக்கொள்ளும். தானாகத் தட்டிச் சுத்தம் செய்யும் மெஷின் நல்லது. இடையில் சுழல் வாளி வைத்தால் பெரிய தூசு அதிலேயே விழும். வடிகட்டி நாள் பிடிக்கும். ஆனால் வாளி வடிகட்டிக்குப் பதிலாகாது.

(உ) கரண்ட்: கிரைண்டர் 850 வோட்ஸ், மெஷின் 1,200 வோட்ஸ் என்றால் மொத்தம் 2,050. 5 அம்பியர் பிளக் பொயிண்ட் 230 வோல்ட்டில் 1,150 வோட்ஸ்தான் தாங்கும். 13 அம்பியர் பொயிண்டில், சுருளை முழுவதும் விரித்த தடித்த வயரில் மாட்டுங்கள். டிரிப் சுவிட்ச் கட்டாயம்.

4. காசு எங்கே?

எம் வகுப்பு மெஷின் ஒரு ஆளுக்கு விலை கூட. நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம், அல்லது வேலை நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். கொந்தரப்பு பேசும்போதே, "தூசு மெஷின் நீங்க தருவீங்களா, நாங்க கொண்டு வரணுமா?" என்று கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. மெஷினே இல்லாத இடத்தில், தண்ணீர்த் தட்டுள்ள டைல் கட்டரைப் பாவியுங்கள். தண்ணீருக்கென்று செய்யாத கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும்.

5. மறக்கக் கூடாதவை

* மெஷின் இருந்தாலும் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 மாஸ்க் போடுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. லேஞ்சு கட்டுவது பாதுகாப்பல்ல.
* தூசை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.
* பையைக் காற்றில் உதறாமல் கட்டிப் போடுங்கள்.
* மரத்தூள் இருக்கும் மெஷினால் இரும்பு வெட்டும் பொறியை இழுக்காதீர்கள். தீப்பிடிக்கும்.
* அஸ்பெஸ்டஸ் தகட்டைக் கிரைண்டரால் ஒருபோதும் வெட்டாதீர்கள்.
* வேலை உடுப்போடு காம்பராவுக்குள் போகாதீர்கள். ஒரே அறையில் பிள்ளையும் தூங்குகிறது.

பல வருஷம் தூசில் வேலை செய்து, இருமலும் இளைப்பும் உள்ளவர்கள் மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் சளி என்றே நினைக்கக்கூடும்.

கூடிப் பேசுவோம்:
1. நீங்கள் கடைசியாக வேலை செய்த இடத்தில் தூசு எங்கே போனது?
2. உங்கள் டிஸ்க் 5 அங்குலமானால் எத்தனை கன அடி இழுவை வேண்டும்?
3. உங்கள் குழுவில் எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு மெஷின் வாங்கலாம்?

(இரண்டாம் கேள்விக்கு விடை: 125 கன அடி.)