பழைய வியாதி என்று காப்புறுதிக்காரர் சொன்னால்

மலாக்காவின் தெங்கேரா வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவர் கார் மோதிக் கால் எலும்பு முறிந்து விழுந்தால், எக்ஸ்ரே படமே பிரத்தியட்ச சாட்சியாக நிற்பதால், காப்புறுதி நிறுவனம் அதைப் பற்றி அதிகம் தர்க்கம் செய்வதில்லை. தகராறு எழுவது, இடுப்பிலும் கழுத்திலும் முழங்காலிலும் தங்கிவிடுகிற வலியைக் குறித்தே. பல வருஷம் பால் மரம் வெட்டியவருடைய முதுகெலும்பு தேய்ந்திருப்பது இயற்கை, அது விபத்தின் விளைவன்று என்று நிறுவனத்தின் வைத்தியர் எழுதிவிட்டால், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட ஜனங்கள் பலர் மனம் தளர்ந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டு விடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

மோதியவரின் காப்புத் தொகை போதாதே என்ற கவலை நமக்கு இல்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்புறுதியில், மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் நேரும் தீங்குக்கு உச்சவரம்பு கிடையாது. ஆகவே போராட்டம் காரண காரிய சம்பந்தத்தில்தான் நடக்கிறது.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்வதும், ரசீதுகளைச் சேர்த்து வைப்பதும் எல்லோரும் அறிந்தவை. வழக்குத் தொடுக்க 6 வருஷம் உண்டு. மோதியது அரசாங்க வண்டியாயின் 36 மாதமே.

பலர் இடறி விழுவது முதல் வைத்தியக் குறிப்பில்தான். கால் முறிந்த வேதனையில் கழுத்துவலியைச் சொல்ல மறந்து, சில வாரம் கழித்துத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டால், குறிப்பேட்டில் கழுத்து என்ற சொல்லே இராது. பிறகு நியாயஸ்தலத்தில் எவ்வளவு மன்றாடினாலும், அந்த வெற்றிடமே எதிராளிக்கு ஆதாரமாகிவிடும். ஆகையால் தலை முதல் கால் வரை எங்கெங்கே நோகிறதோ அத்தனையையும் முதல் நாளிலேயே சொல்லுங்கள். புதிதாக வலி தோன்றினால் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிச் சென்று, விபத்துத் தேதியுடன் பதியச் செய்யுங்கள். பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாரத்திலும் அதே விவரமே இருக்க வேண்டும்.

அடுத்தது, நிபுணரின் அறிக்கை. "விபத்தால் ஏற்பட்டிருக்கலாம்" என்று அவர் எழுதினால் அது போதாது. உரிமையியல் வழக்கில் தேவைப்படுவது, ஏற்பட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற நிரூபணம். வக்கீல் மூலமாக அவரிடம் நேராகக் கேளுங்கள்: முன்னமே தேய்மானம் இருந்ததா, இருந்தால் அது வலியின்றி இருந்ததா, இந்த மோதல் அதை அதிகப்படுத்தியதா, மோதல் நேராதிருந்தால் இப்போதே இந்த வேதனை வந்திருக்குமா? தேய்ந்த முதுகு இருந்தது என்பதால் வழக்கு விழுந்துவிடாது. அடிபட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே மோதியவர் அவரை ஏற்றாக வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடு. ஆனால் விபத்து கூட்டிய துன்பத்துக்கே நஷ்டஈடு கிடைக்கும், பழைய துன்பத்துக்கு அன்று.

அந்தக் கூடுதலைக் காட்ட என் அபிப்பிராயத்தில் சிறந்த சாட்சி தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோல். விபத்துக்கு முந்தின மாதம் வரை குறைவின்றி வேலைக்கு வந்து, பிறகு வராமலே போனவரின் பெயர்ப் பதிவு, பத்து வைத்தியரின் வாதத்துக்கு ஈடு. தோட்டம் கைமாறினால் பழைய ஏடுகள் மறைந்துவிடும். ஆகவே தோட்டக் குமாஸ்தாவான கிராணியிடம் உடனே பிரதி கேளுங்கள்.

பழைய கிளினிக் சீட்டுகளை ஒளிக்காதீர்கள். எதிராளி அவற்றைக் கண்டெடுத்தால், உங்கள் உண்மையான வலியும் பொய்யாகத் தோன்றும். நீங்களே கொடுத்தால், முன்னைய வலி எவ்வளவு சிறியது என்பதற்கு அவையே அளவுகோலாகும்.

நிறுவனத்தின் வைத்தியர் பரிசோதிக்கும் நாளில் மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். குனிய முடியும் அளவுக்குக் குனியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து பேரம் பேசும் தரகர்களிடம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் நிபுணரின் அறிக்கை வக்கீலின் கைக்கு வருமுன் சமரசத் தொகையையும் ஏற்காதீர்கள்.