போயிங்கை நம்பி ஏறலாமா?

கேள்வி: மகள் பிள்ளைகளோடு ரொறன்ரோவிலிருந்து வரப்போகிறாள். போயிங் விமானம் என்றாலே நெஞ்சு பதறுகிறது. அதன் மேலதிகாரிகள் இப்போது ஒழுங்காகப் பார்க்கிறார்களா?
– வாசகி, பரந்தன்

பதில்: உங்கள் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. 2018, 2019இல் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் போனார்கள். அதில் என்னை உறுத்துவது விபத்துக்குக் காரணமான மென்பொருள் கோளாறு அல்ல. அந்த மென்பொருளின் முழு வலுவையும் அமெரிக்க விமானக் கண்காணிப்பாளரான எஃப்.ஏ.ஏ.விடமே போயிங் மறைத்ததுதான். பறக்கும் தகுதிச் சான்றிதழைத் தன் விமானத்துக்குத் தானே கொடுக்கும் உரிமை போயிங்கிடம் இருந்தது. மேக்ஸுக்கு அதை 2019இல் பறித்தார்கள், 787க்கு 2022இல்.

பிறகாவது திருந்தினார்களா? 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், கதவுக்குப் பதிலாக வைத்த மூடிப் பலகை நடுவானில் பிய்ந்து பறந்தது. தொழிற்சாலையில் ரிவெட் வேலைக்காக அதைக் கழற்றியவர்கள் 4 போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டவில்லை. கழற்றியதற்கு ஒரு துண்டுப் பதிவும் இல்லை! உடனே மேக்ஸ் உற்பத்தி மாதம் 38க்கு மேல் போகக்கூடாது என்று எஃப்.ஏ.ஏ. கட்டிப்போட்டது.

2025 அக்டோபரில்தான் அந்த வரம்பு 42 ஆனது. சான்றிதழ் உரிமையும் பாதிதான் திரும்பியது: ஒரு வாரம் போயிங், மறுவாரம் எஃப்.ஏ.ஏ. இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மகள் தாராளமாக வரட்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவில் கூட்டிவரும் வான் சாரதி பகலில் நித்திரை கொண்டவரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.